மொறப்பாக்கத்துக் கோபாலனும் வெம்பிய பிஞ்சுகளும்

2025-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை. கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கென மூங்கிலும் வைக்கோலும் வந்து இறங்கியிருந்தன. மழை மலை மாதா அருள்தலத்துக்கு வரும் திருப்பயணிகளின் வண்டிகள் அடிவாரத்தில் ஒவ்வொன்றாக வந்து நின்றுகொண்டிருந்தன. அச்சரப்பாக்கத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து தந்தை ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பையனுக்குப் பதினொரு வயது. பள்ளிச் சீருடையை இன்னும் மாற்றவில்லை. கையில் ஒரு ஹாக்கி மட்டை.

“ஃபாதர், இவனை ஹாக்கி விடுதியிலே சேர்க்கணும். நீங்க ஒரு கடிதம் கொடுத்தா நல்லா இருக்கும். இனிமே இவனுக்கு வேற எதுவும் வேணாம், ஹாக்கி மட்டும் போதும்” என்றார் தந்தை. பையன் ஒன்றும் சொல்லாமல் குடில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தந்தையின் ஆர்வத்தில் வியப்பில்லை. சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்ற இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி அந்த மாதம் 10-ஆம் நாள்தான் நிறைவுற்றிருந்தது. 24 நாடுகள் பங்கேற்ற அந்தப் போட்டியில் நம் இளையோர் வெண்கலம் வென்றதை நாடே கண்டு மகிழ்ந்தது. நம் எழும்பூர்த் திடலில் நம் பிள்ளைகள் பதக்கம் பெறுவதைக் காணும் எந்தத் தகப்பனுக்கும் தன் மகனும் அங்கே நிற்க வேண்டும் என்று தோன்றாமற் போகுமா? ஆயினும் நாம் கடிதம் எழுதவில்லை. “பொங்கல் கழியட்டும், பேசுவோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஏனெனில் இப்படி ஒரு கடிதத்தை நாம் முன்பே ஒருமுறை எழுதியிருந்தோம்.

இதே மாவட்டத்தில் வேறொரு பங்கில் பணியாற்றிய காலம் அது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். பீடச் சிறுவர்களில் எல்லாரினும் துடிப்பானவன். விளையாட்டு விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. நம் கடிதமும் அதற்கு ஒரு காரணம். அவன் புறப்பட்ட ஞாயிறன்று திருப்பலி முடிவில் அவனை முன்னே அழைத்து, மாலை அணிவித்து, மக்களைக் கைதட்டச் செய்தோம். விடியுமுன் ஒரு பயிற்சி, மாலையில் ஒரு பயிற்சி, விடுமுறையானால் போட்டிகள். இரண்டு கிறிஸ்து பிறப்பு விழாக்களுக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. வந்தபோதெல்லாம் நாம் அவனிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “எத்தனை கோல் போட்டாய்?” அவனுடைய இடுப்பு வலியைப் பற்றி அவன் தாய் ஒருமுறை சொன்னார். “ஆடுகிறவனுக்கு வலி இருக்காதா, அம்மா?” என்று சிரித்தபடியே பதில் சொன்னோம். பதினாறாம் வயதில் ஒரு தேர்வில் அவன் பெயர் விடுபட்டது. ஓராண்டு கழித்து வீடு திரும்பியவன், மட்டையைப் பழைய சேலைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டான். தொலைக்காட்சியில் ஹாக்கி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான் என்று தாய் பிறகு சொன்னார். விடுதியை மட்டும் குறை சொல்ல நமக்கு வாயில்லை. மாலை போட்டவர்கள் நாமே அன்றோ!

இந்த நிலையை ஆங்கிலத்தில் ‘பர்ன் அவுட்’ என்பார்கள். எரிந்து தீர்ந்துபோதல் என்று பொருள். நம் ஊர்ப்புறத்தில் இதற்கு இன்னும் பொருத்தமான சொல் ஒன்று உண்டு: வெம்புதல். உள்ளே முற்றாமல், சூட்டினால் மேல்நிறம் மட்டும் மாறி விழும் காயை வெம்பல் என்கிறோம். பார்வைக்குப் பழம்போல் இருக்கும்; கடித்தால்தான் தெரியும். பிள்ளைகள் ஏன் வெம்புகிறார்கள், முற்காலத்து ஆட்டக்காரர்கள் வெம்பாமல் நெடுநாள் ஆடியது எப்படி என்னும் கேள்விகளோடு சில மாதங்களாகப் பழைய செய்திகளைத் தேடிப் படித்தோம். தேடிய பொருள் நம் வாசலுக்கு வெகு அருகிலேயே கிடைத்தது.

அச்சரப்பாக்கம் என்னும் பெயரே அச்சு இற்ற பாக்கம் என்பதன் திரிபு என்பர். முப்புரத்தை எரிக்கப் புறப்பட்ட தேரின் அச்சு இங்கே முறிந்தது என்பது இவ்வூர்ச் சிவன் கோயிலின் தலபுராணம். இந்த ஊரை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மொறப்பாக்கம் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரின் முன்னெழுத்தாகத் தாங்கிய ஒருவர் இந்தியாவுக்காக இரண்டு ஆட்டங்களை ஆடினார். அவரே எம். ஜே. கோபாலன்; மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் என்பது முழுப்பெயர். பதிவேடுகளின்படி 1909-இல் பிறந்தவர். கிரிக்கெட் அன்பர்கள் அவரை நன்கு அறிவர். ஹாக்கி அன்பர்களுள் அவரை நினைவுகூர்வோர் சிலரே.

சென்னைக்கு வந்து சேர்ந்த கோபாலன், ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையே நடைபெற்ற பிரசிடென்சி ஆட்டங்களில் வேகப்பந்து வீச்சாளராகப் புகழ் பெற்றார். சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேய ஆட்டக்காரர் அவருடைய திறமையைக் கண்டு ஊக்கம் தந்தார். 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தில் அவர் இடம்பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் மதராஸ் அணியும் மைசூர் அணியும் மோதியபோது, ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவரும் அவரே. அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது என்பது தனிச் சுவை.

இவ்வளவுக்கும் நடுவே அவர் ஹாக்கியும் ஆடினார். பொழுதுபோக்காக ஆடியவரல்லர். 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் கோபாலனும் ஒருவர். அந்தப் பயணத்தில் இந்திய அணி 48 ஆட்டங்களை ஆடியது. அவற்றுள் 43 ஆட்டங்களில் கலந்துகொண்ட தியான் சந்த் மட்டும் 201 கோல்களை அடித்தார் என்று பதிவாகியிருக்கிறது. உலகின் மிகச் சிறந்த ஹாக்கி அணியில், வேகப்பந்து வீச்சைத் தம் முதல் அடையாளமாகக் கொண்ட ஒருவருக்கு இடமிருந்தது! இன்று ஒரு பள்ளி மாணவன் தன் பயிற்சியாளரிடம் சென்று, “ஐயா, நான் கிரிக்கெட்டும் ஆட விரும்புகிறேன்” என்று சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

பின்பு 1936 வந்தது. அந்த ஆண்டு இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கும், ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்குக்கும் புறப்பட்டன. இரண்டும் ஒரே பருவம். இரண்டில் ஒன்றைக் கோபாலன் தேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. அவர் இங்கிலாந்து செல்லும் கப்பலை ஏறினார். விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில் சென்ற அந்த அணியின் உட்பூசல் ஊரறிந்த கதை. லாலா அமர்நாத் பாதியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அந்தப் பயணத்தின் மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூடக் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. அதே கோடையில், ஆகஸ்டு 15-ஆம் நாள், பெர்லினில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் பெற்றது.

இந்த நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் “ஐயோ, தவறான கப்பலை ஏறிவிட்டாரே” என்று முடிப்பார்கள். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் அவருடைய வாழ்வின் பிற்பகுதியைப் பார்க்கும்போது அந்த இரக்கம் தேவையற்றது என்று தோன்றுகிறது. அவர் உடைந்துபோய் மட்டையைப் பரணில் போட்டுவிடவில்லை. மதராஸ் அணிக்காகத் தொடர்ந்து ஆடினார். பர்மா ஷெல் நிறுவனத்தில் பணியாற்றினார். பிற்காலத்தில் அணித் தேர்வாளராகவும் இருந்தார். 1950-களில் தொடங்கி மதராஸுக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த கிரிக்கெட் ஆட்டங்களுக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டார்கள். 2003 டிசம்பரில், தொண்ணூறு வயதைக் கடந்து அவர் காலமானார். ஒரு கதவு அடைபட்டபோது அவருக்கு வேறு அறைகள் இருந்தன. நம் பீடச் சிறுவனுக்கு இருந்தது ஒரே அறை. அதன் கதவை அவனுடைய பன்னிரண்டாம் வயதிலேயே வெளியிலிருந்து பூட்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்.

கோபாலன் தனியொருவர் அல்லர். தியான் சந்தையே எடுத்துக்கொள்வோம். 1905-இல் பிறந்த அவர் இளமையில் ஹாக்கியில் ஈடுபாடு கொண்டவரல்லர். மல்யுத்தத்தில்தான் அவருக்கு விருப்பம். 1922-இல் தமது பதினாறாம் வயதில் படையில் சேர்ந்த பிறகே ஹாக்கியை முறையாகக் கற்றார். பணி முடிந்து நிலவொளியில் தாமே பயிற்சி செய்வார் என்றும், சந்திரனைக் குறிக்கும் ‘சந்த்’ என்னும் பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது என்றும் கூறுவர். அந்த நிலாப் பயிற்சியை யாரும் அவர்மீது சுமத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக் தங்கங்களை அவர் பெற்றார். பெர்லின் இறுதியாட்டத்தை ஆடியபோது அவருக்கு முப்பது வயது.

ஆங்கிலோ இந்தியரான லெஸ்லி கிளாடியஸ் பிலாஸ்பூரில் 1927-இல் பிறந்தவர், கால்பந்து ஆட்டக்காரர். 1946-இல், ஏறத்தாழப் பத்தொன்பது வயதில், கரக்பூரில் வங்காள-நாக்பூர் ரயில்வே அணியினர் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவரை, ஆள் குறைகிறது என்று ஆட அழைத்தவர் ஒலிம்பிக் வீரர் டிக்கி கார். இரண்டே ஆண்டுகளில் கிளாடியஸ் இலண்டன் ஒலிம்பிக்கில் இருந்தார். 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்குகள், மூன்று தங்கம், ஒரு வெள்ளி! பதினோராம் வயதிலேயே தேர்வு நடத்தியிருந்தால் தியான் சந்தையும் கிளாடியஸையும் ஹாக்கி உலகம் இழந்திருக்கும்.

“அது அந்தக் காலம், ஃபாதர். இப்போது போட்டி அதிகம்” என்று சொல்வோர் உண்டு. சரி, இந்தக் காலத்துக்கே வருவோம். டோக்கியோவிலும் பாரிசிலும் வெண்கலம் வென்ற அணிகளின் கோல்காவலர் பி. ஆர். ஸ்ரீஜேஷ். அவர் திருவனந்தபுரத்து ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் பன்னிரண்டு வயதில் சேர்ந்தபோது ஓட்டக்காரர். நீளந் தாண்டுதல், கைப்பந்து ஆகியவற்றையும் பயின்றவர். அங்கேதான் ஒரு பயிற்றுநர் அவரைக் கோல்காவலுக்கு மாற்றினார். 2024-இல் முப்பத்தாறாம் வயதில் அவர் ஓய்வு பெற்றார். மேலே நாம் சொன்ன இளையோர் அணியை 2025-இல் பயிற்றுவித்தவரும் அவரே.

ஆகவே விடுதிகள் எல்லாம் தீயவை என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சாகும். விடுதிகள் ஏன் தோன்றின என்பதையும் பார்க்க வேண்டும். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. மண்ணிலும் புல்லிலும் வளர்ந்த நம் அணி அங்கே ஏழாம் இடத்தைத்தான் பெற்றது. நம் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980-இல் மாஸ்கோவில் தங்கம் திரும்பி வந்தது உண்மையே. ஆனால் பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றபோது நாடு தலைகுனிந்தது. 1984-இல் இந்திய விளையாட்டு ஆணையம் அமைந்தது. ஒரிசாவின் ரூர்கேலாவை அடுத்த பான்போஷில் 1985-இல் விளையாட்டு விடுதி தொடங்கப்பட்டது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-இல் உருவாயிற்று. நம் மாநிலத்திலும் விடுதிகள் பெருகின. செயற்கைத் தரை விலையுயர்ந்தது. அதை ஊருக்கு ஊர் போட முடியாது. எனவே தரை இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பான்போஷின் பின்னணி நம் கத்தோலிக்க மக்கள் அறிய வேண்டியது. சுந்தர்கர், சிம்டேகா வட்டாரங்களின் பழங்குடி மக்களிடையே, மறைபரப்பாளர்களின் பள்ளிகள் வழியாக வேரூன்றிய ஆட்டம் ஹாக்கி. அங்கே ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். வென்ற அணிக்குப் பரிசு ஓர் ஆடு. அதைச் சமைத்து ஊரே உண்டு மகிழும். அப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான் 1972 ஒலிம்பிக்கில் வெண்கலமும் 1975 கோலாலம்பூர் உலகக் கோப்பையும் வென்ற அணிகளில் ஆடிய மைக்கேல் கிண்டோ வந்தார். சவுனமரா என்னும் சிற்றூரில் 1977-இல் பிறந்த திலீப் திர்க்கி பான்போஷ் விடுதியில் வளர்ந்தார். நாட்டுக்காக 400 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். மூன்று ஒலிம்பிக்குகளைக் கண்டார். 2022-இல் தேசிய ஹாக்கிக் கழகத்தின் தலைவரானார். அவர்களுக்கு விடுதி வந்தது பிறகு; முதலில் வந்தது ஆட்டுக்கிடாய்ப் போட்டி. யாரும் கணக்கு வைக்காத, யாரும் தேர்வு செய்யாத, தோற்றாலும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பும் ஆட்டத்தில் ஊறியபின் விடுதிக்குப் போனார்கள். நம் கோவில்பட்டியும் இத்தகைய ஊர்தான். அவ்வூரின் தெருக்களிலும் பள்ளித் திடல்களிலும் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடப்பட்டு வருகிறது. அரசின் விடுதியும் செயற்கைத் தரையும் பின்னரே அங்கு வந்தன. அந்த விடுதியில் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். நாற்றங்கால் நன்றாக இருந்தால் நடவு தாங்கும் என்பதை மதுராந்தகம் ஏரிப் பாசனத்து உழவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைக்கு அந்த நாற்றங்கால் இல்லை. அவன் ஆடத் தொடங்கும்போதே பயிற்சியாளரின் ஊதல் ஒலிக்கிறது.

அறிஞர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? ‘பர்ன் அவுட்’ என்னும் சொல்லை 1974-இல் மருத்துவ உலகில் வழங்கச் செய்தவர் ஹெர்பெர்ட் பிராய்டன்பெர்கர். அவர் பேசியது விளையாட்டு வீரர்களைப் பற்றியன்று. ஏழைகளுக்கான இலவச மருத்துவமனைகளில் தொண்டு செய்து களைத்துப்போனவர்களைப் பற்றி. (இது குருக்களுக்கும் கன்னியருக்கும் பொருந்தும்; அதை வேறொரு கட்டுரையில் பார்ப்போம்.) 1992-இல் ஜே கோக்லி என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர், உச்சத்தில் இருந்தபோதே விளையாட்டைத் துறந்த வளரிளம் பருவத்தினரோடு உரையாடி ஒரு கருத்தை வெளியிட்டார். பயிற்சி மிகுதியால் மட்டும் அவர்கள் விலகவில்லை. “நான் ஓர் ஆட்டக்காரன்” என்பதைத் தவிர வேறு எந்த அடையாளமும் வளர அவர்களுக்கு வாய்ப்பு இருக்கவில்லை. தம் நாளைப் பற்றிய எந்த முடிவும் அவர்கள் கையில் இல்லை. இவ்விரண்டுமே வெம்பலுக்கு மூலகாரணம் என்றார் அவர். இதைப் படித்தபோது “எத்தனை கோல் போட்டாய்?” என்று நாம் கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து தலைகுனிந்தோம். 1997-இல் தாமஸ் ரேடிக் என்பவர் இதன் மூன்று அறிகுறிகளை வகுத்தார்: உடலும் உள்ளமும் களைத்துப்போதல், எதையும் சாதிக்கவில்லை என்னும் உணர்வு, விரும்பிய ஆட்டத்தின்மீதே வெறுப்பு. மூன்றாவது வந்துவிட்டால் ஓய்வு மட்டும் போதாது.

ஹாக்கிக்கே நேராகத் தொடர்புடைய ஆய்வொன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஹாக்கி, வலைப்பந்து, கூடைப்பந்து தேசிய அணிகளில் ஆட்டத்தின் போக்கைச் சட்டென்று கணித்து முடிவெடுப்பதில் வல்லவர்களை பேக்கர், கோட்டே, அபர்னெதி என்னும் மூவர் ஆராய்ந்து 2003-இல் எழுதினர். இளமையில் பல ஆட்டங்களை ஆடியவர்களுக்குத் தம் தனி ஆட்டத்தில் தேர்ச்சி பெறக் குறைந்த மணி நேரப் பயிற்சியே போதுமானதாக இருந்தது என்பது அவர்கள் கண்டது. கபடியில் கற்ற விலகலும் கால்பந்தில் கற்ற இடைவெளி காணும் பார்வையும் வீணாவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிவுரையும் ஏறக்குறைய இதுவே. பதினைந்து, பதினாறு வயது வரை ஒரே ஆட்டத்தில் ஒடுங்க வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அந்த ஆட்டத்துக்கு ஓய்வு கொடுங்கள். ஆண்டில் மொத்தம் மூன்று மாதங்கள், மாதம் மாதமாகப் பிரித்தேனும், அதை விட்டு விலகி இருங்கள் என்கிறது. எளிய கணக்கு ஒன்றும் மருத்துவர்கள் சொல்வதுண்டு: வாரப் பயிற்சி மணிகள் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. நம் பதினொரு வயதுப் பையனுக்கு வாரம் பதினொரு மணி நேரம் என்று ஆகிறது. காலை இரண்டு மணி, மாலை இரண்டு மணி என்று வைத்தால் புதன்கிழமைக்குள் அது தீர்ந்துவிடும். ஹாக்கி முதுகை வளைத்து ஆடும் ஆட்டம். எப்போதும் ஒரே பக்கமாகக் குனிந்து திரும்பும் இளம் முதுகெலும்புக்கு அந்த வலி பொய் வலியன்று. அன்று அந்தத் தாயிடம் நாம் சிரித்திருக்கக் கூடாது.

இவை மேனாட்டாரின் புதிய கண்டுபிடிப்புகள் என்று எண்ண வேண்டாம். குருமடத்தில் நாம் படித்த பழைய நூல்களிலேயே இது இருந்தது, நமக்குத்தான் உறைக்கவில்லை. விளையாட்டு உள்ளத்துக்கு ஓய்வு என்பதைப் பேச வந்த தூய தோமா அக்குவினார், துறவியரின் பழைய உரையாடல் நூலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். தூய யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தனர். யோவான் அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அம்பு எய்யச் சொன்னார். மீண்டும் மீண்டும் எய்யச் சொன்னார். “இப்படியே விடாமல் எய்துகொண்டிருக்க முடியுமா?” என்று கேட்டார். “வில் முறிந்துவிடும்” என்றான் அவன். இயேசு சபையார் 1599-இல் வகுத்த கல்வித் திட்டத்தில் வாரத்தில் ஓய்வு நாள் எது, ஆண்டு விடுமுறை எவ்வளவு என்பவையெல்லாம் விதிகளாகவே எழுதப்பட்டன. மாணவர் விரும்பி ஓய்வெடுப்பார்கள் என்று விட்டுவிடாமல், ஓய்வைச் சட்டமாக்கினார்கள் அந்த முன்னோர். பயிற்சிக்கு அட்டவணை போடும் நாம் ஓய்வுக்கு ஏன் போடுவதில்லை?

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அரியானாவின் ஷாபாத்தைச் சேர்ந்த ராணி ராம்பால் ஒரு வண்டித் தொழிலாளியின் மகள். பதினான்கு வயதிலேயே இந்திய அணிக்கு ஆடியவர்; பதினைந்தில் உலகக் கோப்பையில் ஆடினார்; டோக்கியோவில் நம் மகளிர் நான்காம் இடம் பெற்றபோது அணித் தலைவியாக இருந்தார். 2024-இல்தான் ஓய்வு பெற்றார். சிறுவயதிலேயே ஒன்றைப் பற்றிக்கொண்டு வாடாமல் நின்றவர்களும் உண்டு. வறுமையில் இருக்கும் குடும்பத்துக்கு விளையாட்டு ஓர் ஏணி என்பதையும் மறுக்க முடியாது. மூன்று வேளை உணவு, கல்வி, பின்னால் ரயில்வேயிலோ காவல் துறையிலோ ஒரு வேலை: இவற்றை “உன் மகன் கபடியும் ஆடட்டும்” என்னும் ஓர் அறிவுரையால் ஈடுசெய்துவிட முடியாது. ஆனால் ராணி ராம்பாலின் பெயர் நமக்குத் தெரிகிறது. பரணில் மட்டையைப் போட்டவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைப்பதில்லை.

பொங்கல் கழிந்து தந்தையும் மகனும் மீண்டும் வந்தார்கள். இம்முறை பையனைத் தனியே அழைத்துப் பேசினோம். கோலைப் பற்றிக் கேட்கவில்லை. கிணற்றில் நீந்தப் பிடிக்கும் என்றான்; மாமா வீட்டு ஆட்டுக்குட்டிகளைப் பற்றி நெடுநேரம் சொன்னான். ஹாக்கி பிடிக்குமா என்றதற்கு, “பிடிக்கும் ஃபாதர். ஆனா அப்பா பாத்துக்கிட்டே இருந்தா பிடிக்காது” என்றான்.

தந்தையிடம் நம் எண்ணத்தைச் சொன்னோம். பதினான்கு வயது வரை வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போகட்டும். வாரம் மூன்று மாலை நம் திடலில் ஐவர் அணியாக ஆடட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தொட வேண்டாம். கோடையில் ஒரு மாதம் கிணறும் கபடியும் போதும். அதன்பின் அவனே வந்து கேட்டால் அன்றே கடிதம் தருகிறோம் என்றோம். அவர் லாரியில் மூட்டை ஏற்றும் தொழிலாளி. நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார். “அதுக்குள்ள இடம் போயிடும், ஃபாதர்” என்றார். போகலாம். போகாது என்று அவருக்கு உறுதி சொல்ல நம்மால் இயலவில்லை. வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மனம் ஒப்பிப் போனாரா என்பது தெரியவில்லை. எனினும் பையன் மாலையில் திடலுக்கு வருகிறான்.

பழைய பங்கின் அந்தப் பீடச் சிறுவன் இப்போது இருபத்துமூன்று வயது இளைஞன். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவனுக்கு நாம் தொலைபேசியில் பேசினோம். அன்று மாலை போட்டதற்காகவும் கேட்காமல் விட்டதற்காகவும் மன்னிப்புக் கேட்டோம். மறுமுனையில் சிறிது நேரம் ஒலியில்லை. பிறகு, “அதெல்லாம் விடுங்க ஃபாதர், அம்மா உங்களை விசாரிச்சாங்க” என்றான். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பேருந்தில் வந்து இறங்கினான். திடலோரத்தில் கைகட்டி நின்று பார்த்தான். பையன் மட்டையைப் பிடித்திருந்த விதம் சரியில்லை போலும். உள்ளே போய் அவனுடைய இடக்கையைச் சற்று மேலே நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். ஆடவில்லை. தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான்.